நுனி நாக்கில் கசந்தது

"எனக்கு ஒரு கதை வேணும் டீச்சர்" என்றபடியே குடையை மடக்கினார் தருமலிங்கம். "சாதாரணக் கதை போதாது. கேட்டதும் பிள்ளை அசந்துபோகணும்."

ரஹீமா டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். இருந்தாலும் அந்த வட்டாரத்து அறிவியல் வாத்தியார்கள், தலை நரைத்தவர்கள் உட்பட, பாடம் நகராமல் முரண்டு பிடிக்கும்போது அவரைத் தேடித்தான் போவார்கள். தருமலிங்கம் அதுவரை போனதில்லை. அவர் யாரிடமும் யோசனை கேட்கிற ஆளில்லை. அப்பேர்ப்பட்டவர் சனிக்கிழமை மழையில் இரண்டு பஸ் மாறி டீச்சருடைய பள்ளிக்கே வந்திருக்கிறார் என்றால் விஷயம் சும்மா இல்லை.

"எந்தப் பிள்ளை சார்?"

"சுகிர்தான்னு ஒருத்தி. ஏழாம் வகுப்பு. ஒரு பீரியடுக்குப் பத்துக் கேள்வி கேப்பா. மனுஷனைப் பாடம் நடத்த விடமாட்டா. இப்போ வாயைத் திறக்கறதே இல்லை."

"என்னென்ன கதை சொன்னீங்க?"

"ஆக்டோபஸுக்கு மூணு இருதயம்னேன். மின்னல், சூரியனோட மேற்பரப்பைவிடச் சூடுன்னேன். வகுப்பே ஆவென்னு பார்க்குது. அவ மட்டும் டெஸ்க்கைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா. குனிஞ்ச தலை நிமிரலை டீச்சர்."

முன்பெல்லாம் அந்தக் கேள்விகள் அவருக்குப் பெரும் தொல்லை. இப்போது அந்தத் தொல்லைக்காகத்தான் மனிதர் ஏங்கிக்கொண்டிருந்தார்.

"எப்போதிலிருந்து இப்படி?"

"காலாண்டுப் பரீட்சை பேப்பர் கொடுத்ததிலிருந்து. வாங்கிக்கவே இல்லை. மேஜை மேலேயே விட்டுட்டுப் போயிட்டா."

"அந்தப் பேப்பர்?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

நாக்கின் படத்தை வரைந்து, எந்த இடத்தில் எந்தச் சுவை என்று குறிக்கச் சொன்ன கேள்வி. நுனியில் இனிப்பு, அடிநாக்கில் கசப்பு, ஓரங்களில் உப்பும் புளிப்பும் என்று எழுதினால் நாலு மார்க். சுகிர்தா நாக்கை அழகாக வரைந்திருந்தாள். எந்தச் சுவையையும் குறிக்கவில்லை. கீழே ஒரே ஒரு வரி இருந்தது.

'பிரேயரில் கொடுத்த நிலவேம்புக் கசாயம் எனக்கு நுனி நாக்கிலேயே கசந்தது.'

பக்கத்தில் சிவப்பு மையில் பெரிய முட்டை.

"முட்டை போட்டதோட விட்டீங்களா சார்?"

தருமலிங்கம் தரையைப் பார்த்தார்.

"வகுப்புலே சத்தமாப் படிச்சேன். 'உலகத்துக்கெல்லாம் ஒரு நாக்கு, அம்மணிக்கு மட்டும் தனி நாக்கு'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. இப்போ அவளுக்குப் பேரே தனிநாக்குன்னு ஆயிப்போச்சு."

ரஹீமா டீச்சர் எழுந்து வெளியே போனார். காய்ச்சல் பரவுகிற காலம் அது. அந்தப் பள்ளி வராந்தாவிலும் ஓர் அண்டா நிறையக் கசாயம் இருந்தது. ஒரு டம்ளரில் மொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார்.

"குடிக்க வேணாம். நுனி நாக்கை மட்டும் தொட்டு எடுங்க."

தொட்டார். முகம் அஷ்டகோணலாகப் போயிற்று.

"எங்கே கசக்குது சார்?"

"புத்தகத்துலே என்ன போட்டிருக்குன்னா..."

"நான் புத்தகத்தைக் கேக்கலை."

மறுபடியும் தொட்டார். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டார்.

"பத்தொன்பது வருஷமா அந்தப் படத்தைப் போர்டிலே போடறேன். ஒரு நாள்கூட நாக்கை நீட்டிப் பார்க்கலையே டீச்சர்."

"நீங்க மட்டுமா? நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் நாக்கை இடம் இடமாச் சோதிச்சார். எல்லா இடத்துலேயும் எல்லாச் சுவையும் தெரிஞ்சது, துளியூண்டு வித்தியாசம்தான் இருந்தது. பின்னாடி வந்தவங்க அதைப் படமாப் போட்டப்போ, துளி மலையாயிடுச்சு. அந்தப் படம் நாடு நாடாப் போச்சு. எல்லார் வாயிலேயும் நாக்கு இருந்தது சார். பெரும்பாலும் யாரும் அதைக் கேக்கலை."

தருமலிங்கம் துள்ளி எழுந்தார். "அடடா! இந்தக் கதைதான் வேணும்! அசந்துடுவா!" அழுகை வருகிற மாதிரி இருந்தவர், அதற்குள் சட்டைப் பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். வாத்தியார் புத்தி வேறெங்கே போகும்?

"கதை இன்னும் முடியலையே சார்."

"முடிவு என்ன?"

ரஹீமா டீச்சர் அந்தப் பேப்பரை மடித்து அவர் கையில் வைத்தார்.

திங்கட்கிழமை தருமலிங்கம் கதை எதுவும் சொல்லவில்லை. கசாய டம்ளரோடு வகுப்புக்குள் வந்தார். எல்லாரும் பார்க்க நாக்கை நீட்டி நுனியை நனைத்தார். முகம் போன போக்கைப் பார்த்து வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிரித்து முடிக்கட்டும் என்று நின்றார்.

"எனக்கும் நுனியிலேதான் கசக்குது" என்றார். "சுகிர்தா சரியாத்தான் எழுதியிருந்தா. தப்பாத் திருத்தினது நான். அதோட விடாம, அவளைப் பார்த்து உங்களைச் சிரிக்கவும் வச்சேன்."

முட்டையை அடித்து நாலு மார்க் போட்டிருந்த பேப்பரை அவள் டெஸ்க்கில் கொண்டுபோய் வைத்தார்.

"மன்னிச்சிடும்மா."

அவள் பேப்பரைத் தொடவில்லை. நிமிரவும் இல்லை. அவ்வளவுதான், பிள்ளையைத் தொலைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே தருமலிங்கம் திரும்பி நடந்தார்.

கரும்பலகைக்குப் பக்கத்தில் போய்விட்டபோது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"சார்."

திரும்பினார். சுகிர்தா எழுந்து நின்றிருந்தாள்.

"ஆக்டோபஸுக்கு மூணு இருதயம்னீங்களே, அதை யாரு சார் எண்ணிப் பார்த்தது?"