அறுபத்தோரு தாள்

"என் கை சிறுசாம். அதனால நான் வெளியே போகக் கூடாதாம்."

ஜெசிந்தா ஈரத் தலையோடு வந்து நின்றாள். போர் விமானம் ஓட்டியவள். விண்வெளிக்குப் போகத் தேர்வான நால்வரில் ஒருத்தி. கலத்தை விட்டு வெளியே மிதந்து வேலை செய்ய இரண்டு பேர் வேண்டும். யார் அந்த இருவர் என்று மறுநாள் காலை தேர்வுக் குழு முடிவு செய்கிறது. அவள் பெயரை அடிக்கப் போகிறார்கள் என்பது அன்றைக்கே அவள் காதில் விழுந்துவிட்டது.

அவளுடைய குரு உமையாள். எடையில்லாமல் வேலை செய்வதை ஆழமான தண்ணீர்த் தொட்டிக்குள் பழக்குபவள். சீடரைவிட ஆறு வயது இளையவள். அதிகம் பேச மாட்டாள்.

"யார் சொன்னது?"

"நான் எழுதின தாளே சொல்லுது மேடம்."

தொட்டியிலிருந்து ஏறியதும், எது தவறியது என்று ஒவ்வொருவரும் தன் கைப்பட எழுத வேண்டும். குரு கீழே கையெழுத்திட வேண்டும். அங்கே அதுதான் வழக்கம். எட்டு மாதத்தில் ஜெசிந்தா எழுதியது அறுபத்தோரு தாள்.

உமையாள் உடனே ரகோத்தமனைக் கூப்பிட்டாள். அவரும் நால்வரில் ஒருவர். நல்ல மனிதர், அவர் மேல் குற்றமில்லை.

கிடங்கிலிருந்து ஒரு ஜோடி கையுறை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டாள். அவர் கைக்கு அது இரண்டு அளவு பெரியது. கிடங்கில் இருப்பதிலேயே சின்ன ஜோடி ஜெசிந்தாவுக்கு அதே போல இரண்டு அளவு பெரியது. நிலா வரைக்கும் ராக்கெட் விடத் தெரிந்தவர்களுக்கு ஒரு சின்னக் கையுறை தைக்கத் தெரியவில்லை.

ரகோத்தமன் தண்ணீரில் இறங்கினார்.

மூன்றாவது நிமிடம் ஸ்பேனர் நழுவியது. ஏழாவது நிமிடம் போல்ட். பன்னிரண்டாவது நிமிடம் ஏறி வந்துவிட்டார்.

கையைத் துடைத்தார். ஒரு நொடிகூட யோசிக்காமல் தாளில் எழுதினார். "சாப்பிடப் போறேன், வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உமையாள் அந்தத் தாளை ஜெசிந்தாவின் முன்னால் வைத்தாள்.

'கையுறை பெரியது. மாற்றவும்.'

பக்கத்தில் ஜெசிந்தாவின் கட்டைப் பிரித்து முதல் தாளை வைத்தாள்.

'என் பிடி போதவில்லை. இன்னும் பழகுகிறேன்.'

இரண்டாவது தாளிலும் அதே வரி. மூன்றாவதிலும் அதே.

"அவர் என்ன எழுதியிருக்கார், நீங்க என்ன எழுதியிருக்கீங்க?" என்றாள் உமையாள். சீடரின் கண் கலங்கும் என்று காத்திருந்தாள்.

கண் கலங்கவில்லை. சிவந்தது.

"எனக்கே பாடமா மேடம்?"

உமையாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"முதல் வாரமே கையுறை சரியில்லைன்னு வாய்விட்டுச் சொன்னேன். 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்'னார் குழுத் தலைவர். மேசையைச் சுத்தி எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் அங்கதான் உக்காந்திருந்தீங்க."

உமையாள் அங்கேதான் இருந்தாள். சிரிக்கவில்லை. பேசவும் இல்லை.

"அவர் எழுதினா கையுறைய மாத்துவாங்க. நான் எழுதினா ஆளை மாத்துவாங்க. அது தெரிஞ்சுதான் பழியை என் கை மேலயே போட்டுக்கிட்டேன். உங்களுக்கு என்ன?"

ஜெசிந்தா தாள் கட்டைக் குருவின் பக்கம் தள்ளினாள்.

"ஒவ்வொண்ணுலயும் கீழ பாருங்க. 'சரி'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது யாரு?"

உமையாள் பார்த்தாள். அவளுடைய கையெழுத்துதான். தாளைப் புரட்டினாள். இன்னும் சில தாள்களைப் புரட்டினாள். அவமானத்தில் காது சுட்டது.

பேனாவைத் திறந்தாள்.

முதல் தாளில் தான் எழுதியிருந்த 'சரி'யைக் கோடு போட்டு அடித்தாள். 'தவறு. இவர் கையில் குறை இல்லை. கையுறைதான் பெரியது' என்று பக்கத்தில் எழுதினாள். அன்றைய தேதியைப் போட்டாள். இந்த முறை சுருக்கொப்பம் இல்லை, முழுப் பெயரையும் எழுதினாள்.

ஜெசிந்தா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் இறங்கியது.

"காலையில இதைக் குழு முன்னாடி வச்சா உங்களைத்தான் முதல்ல தூக்குவாங்க மேடம்."

"தெரியும். அடுத்த தாளைக் குடுங்க."