மண்புழுவுக்குக் கண் கிடையாது

மடத்தில் சோறு பொங்குகிறவள் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கு என்னமோ வாயே திறக்கவில்லை. அதனால் நடந்தது முழுக்க என் காதில் விழுந்தது.

அர்த்தநாரி ஐயா எங்கள் மடத்துக்கு வந்து ஆறு மாசம் ஆகிறது. ரிட்டையர் ஆன தலைமையாசிரியர். வயசு அறுபத்தாறு. எங்கள் பூரணத்தம்மாவுக்கு நாற்பத்திரண்டுதான். ஆனாலும் அம்மாதான் குரு, அவர்தான் சீடர். விடிந்ததும் முதல் ஆளாக வந்து அம்மா காலில் விழுவார். எனக்கு அந்தக் கும்பிடு பிடிக்காது. ஏன் பிடிக்காது என்று சொல்கிறேன்.

அவருக்கு ஒரே மகள், கலாமணி. போன தை மாசம் புருஷன் வீட்டில் செத்துப்போனாள். மாடிப்படியில் உருண்டு விழுந்துவிட்டாள் என்றான் மாப்பிள்ளை. இல்லை, அவன் அடித்தே கொன்றான் என்று பக்கத்து வீட்டுக்காரி போலீசில் சொல்லிவிட்டாள். யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரி! பெற்ற அப்பனைப் போலீஸ் கேட்டபோது அவர் சொன்னது இவ்வளவுதான்.

"எனக்கு எதுவும் தெரியாதுங்க."

வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் அவர் சாட்சி. அங்கேயும் இதையே சொல்லப்போகிறார். அப்படிச் சொன்னால் அவன் கையை வீசிக்கொண்டு வெளியே வந்துவிடுவான். அதற்கடுத்த பௌர்ணமிக்கு இவருக்குத் தீட்சை வேண்டுமாம். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை. நான் மாட்டுக்கொட்டகைப் பக்கம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அங்கேதான் மண்புழு உரத் தொட்டி இருக்கிறது. அம்மா தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். ஐயா வந்து நின்றார்.

"அம்மா, மனசுல ஒரு கேள்வி."

"கேளுங்க ஐயா."

"கண்ணுல படாத ஒண்ணுக்கு மனுசன் பொறுப்பாக முடியுங்களா?"

அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"இன்னைக்கு உரம் எடுக்கற நாள். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வாங்க."

ஐயா வந்தார். கொட்டகை நிழலில் தார்ப்பாயை விரித்து, தொட்டியிலிருந்த உரத்தை அள்ளிக் குவித்தார். படித்தவர் இல்லையா, வெயிலில் வேலை செய்வாரா! குவியல் மேல் எங்கே பார்த்தாலும் புழு நெளிந்தது. கையை வைக்க இடமில்லை.

"புழு மேலேயே கிடக்குதுங்க அம்மா. உரத்தை எப்படிங்க எடுக்கறது?"

"நிழல்ல வெச்சா அப்படித்தான். தார்ப்பாயை வெளிச்சத்துக்கு இழுங்க."

ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். வெயில் பட்டதுதான் தாமதம், மேலே இருந்த புழு எல்லாம் உள்ளே இறங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் வெறும் கருப்பு உரம்தான் தெரிந்தது.

"இதுக்கு எப்படிங்க ஐயா தெரிஞ்சுது?" என்று அம்மா கேட்டார்.

வாத்தியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கேள்வி கேட்டால் போதும், கிளாஸ் ரூமுக்குள் போய்விடுவார்.

"மண்புழுவுக்குக் கண் கிடையாதுங்க. தோல்லயே வெளிச்சத்தை உணர்ற செல் இருக்குது. தலைப்பக்கம் நெறைய. வெளிச்சம் பட்டா இருட்டுப் பக்கமாத் திரும்பிரும். சிவப்பு வெளிச்சம் மட்டும் அதுக்கு உறைக்காது. சிவப்பு லைட்டைப் போட்டா இருட்டுன்னு நெனச்சு மேலேயே மேஞ்சுட்டிருக்கும். முப்பது வருசம் இந்தப் பாடம் நடத்தியிருக்கறனுங்க."

"அப்ப, பாக்காமயே தெரிஞ்சுக்குது."

"ஆமாங்க. பாக்கணும்னு இல்லீங்க."

"சரி. மேலாப்புல ஒரு அடுக்கு வழிச்சு எடுங்க. புழு வர்ற வரைக்கும் எடுக்கலாம். புழு தெரிஞ்சா நிறுத்திருங்க. அது மறுபடியும் கீழே போகட்டும்."

ஐயா ரெண்டு கையாலும் வழித்துக் கூடையில் போட்டார். புழு தெரிந்தது. நிறுத்தினார்.

அம்மா ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை கலாமணியை அடிச்சு நீங்க பாத்ததில்லை."

ஐயா இந்தப் பேச்சை எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதில் தயாராக இருந்தது.

"சத்தியமா இல்லீங்க அம்மா. இந்தக் கண்ணால ஒரு தடவைகூடப் பாத்ததில்லை."

"புழு போயிருச்சு. அடுத்த அடுக்கை எடுங்க."

எடுத்தார்.

"கடைசியா எப்ப வந்தா?"

"போன வருசம் ஆடி நோம்பிக்குங்க. நோம்பிக்குப் புள்ளையைக் கூட்டிட்டு வர்றது வழக்கமுங்களே. அவங்கம்மா போனதுக்கப்புறம் நான்தான் போய்க் கூட்டிட்டு வருவேன்."

"எப்படி இருந்தா?"

"நல்லாத்தான் இருந்தா. முழுக்கை ரவிக்கை போட்டிருந்தா. இப்ப அது பேஷனாக்கும்னு நெனச்சேன்."

"கேட்டீங்களா?"

"பொம்பளைப் புள்ளைகிட்ட ரவிக்கையைப் பத்தி எப்படிங்க கேக்கறது?"

என் கையிலிருந்த கீரைக் காம்பு பட்டென்று ஒடிந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன்.

"அடுத்த அடுக்கு" என்றார் அம்மா.

குவியல் பாதியாகிவிட்டது. ஐயாவுக்கு வேர்த்து ஊற்றியது.

"அன்னைக்குப் பொழுதெறங்கி என்ன நடந்துது?"

"சோறு போட்டா. சாப்பிட்டோம். அப்புறம் டியூப்லைட்டுக்கு நேரா வந்து உக்காந்தா. அப்பா, கொஞ்சம் இங்க பாருங்கன்னா. கழுத்துல இருந்து முந்தானையை எடுக்கப் போனா."

"பாத்தீங்களா?"

"கண்ணு கூசுது, லைட்டை அணைச்சுக்கறேன்னு சொன்னேன்."

"அணைச்சீங்களா?"

"அணைச்சேன்."

"அப்புறம் இருட்டுலயா உக்காந்திருந்தீங்க ரெண்டு பேரும்?"

ஐயா கையிலிருந்த உரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொட்டகையில் மாடு ஒருமுறை கத்தியது.

"ஜீரோ வாட்ஸ் பல்பு போட்டேனுங்க."

"என்ன கலரு?"

"சிவப்புங்க."

அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அடப்பாவி மனுசா என்று நினைத்தேன். அந்தப் பெண் முந்தானையைப் பிடித்தபடி அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ.

"வழிங்க ஐயா" என்றார் அம்மா. குரலில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"போதுமுங்க அம்மா."

"அடியில இன்னும் இருக்குது. வழிங்க. மறுநாள் என்ன சொன்னா?"

"இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போறேன்பான்னு சொன்னா."

"இருந்தாளா?"

"நானே கூட்டிட்டுப் போய் பஸ் ஏத்திவிட்டேன். அந்தச் சம்பந்தம் நான் தேடிப் பிடிச்சதுங்க. ஊரைக் கூட்டி, பாருங்கடா எம் மாப்பிள்ளையைன்னு சொன்னவன் நான். அவ வந்து ஊட்டுல உக்காந்துட்டா நாலு பேரு மூஞ்சியில நான் எப்படி முழிக்கறது?"

"பஸ்ஸுல கூட்டமா?"

"கூட்டந்தானுங்க. ஆனா ஜன்னலோரம் சீட்டுப் பிடிச்சுக் குடுத்தேன்." ஐயா கூடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "வெயில் படாத பக்கமாப் பாத்து."

அதைச் சொன்னதும் அவர் உடைந்துபோனார். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. இத்தனை நாள் அந்த மனுசனைத் திட்டித் தீர்த்தவள், அப்போது திட்ட ஒரு வார்த்தை கிடைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா அவரைத் தேற்றவில்லை. கடைசி அடுக்கைக் கண்ணால் காட்டினார். அவர் அழுதுகொண்டே அதையும் வழித்துக் கூடையில் போட்டார்.

இப்போது தார்ப்பாயில் உரம் இல்லை. புழு மட்டும்தான் இருந்தது. ஆயிரக்கணக்கில் ஒன்றுக்குள் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு ஒரு பெரிய உருண்டையாகக் கிடந்தது. மேலே இருந்தது உள்ளே போகப் பார்த்தது, உள்ளே இருந்தது பிதுங்கி மேலே வந்தது. கீழே வெறும் தார்ப்பாய். உச்சி வெயில் நேராக அடித்தது.

ஐயாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

"திங்கக்கிழமை நான் என்னங்க சொல்லட்டும்?" என்றார்.

அம்மா பேசவில்லை.

"கேக்கறனுங்களே அம்மா. நான் பாக்கலைங்கறது நெசந்தானுங்களே?"

அம்மா எழுந்து கையைக் கழுவப் போனார்.

உரம் எடுத்து முடித்ததும் புழுவை மூட நனைத்த கோணி ஒன்று எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். ஐயா அவசரமாக அதை எடுத்தார். கோணியிலிருந்து தண்ணீர் அவர் காலில் சொட்டியது.

"வெயில் தாங்காதுங்க அம்மா. துடிக்குதுங்க. மூடிரட்டுங்களா?"

அம்மா திரும்பிப் பார்த்தார்.

"மூடுங்க ஐயா. புழுவுக்கு மகள் கிடையாது."