விலைக்கு வாங்கிய கொள்ளுத்தாத்தா

ஒரு ஊரில் ஒரு வரவேற்பறை இருந்தது. பெயர்தான் வரவேற்பறை, வந்தவர் உட்கார ஓர் அங்குலம் கிடையாது. ஓடாத கடிகாரம், பாடாத கிராமபோன், எதையும் வைக்கக்கூடாத அலமாரி. எல்லாம் அரதப் பழசு. வீட்டுக்காரர் கோதண்டபாணிக்குப் பழம்பொருள் பித்து. ஒரு சாமான் வேலை செய்தால் அதை அவருக்குப் பிடிக்காது.

போன மாதம் ஒரு படம் வாங்கி வந்தார். தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக யாரோ ஒரு பெரியவர், தேக்குச் சட்டத்துக்குள். மாட்ட இடம் வேண்டுமே? நடுச்சுவர் ஆணியில் அவருடைய அப்பா சிங்காரவேலுவின் போட்டோ தொங்கியது. காக்கிச் சட்டை, தோளில் டிக்கெட் பை, பிளாஸ்டிக் ஃப்ரேம். இந்த வீட்டைக் கட்டினதே அந்த டிக்கெட் பைதான். அதனால் என்ன? அப்பா பரணுக்கு ஏற்றப்பட்டார்.

அப்பாவின் திதி வந்தது. மனைவி வசுமதி போட்டோவை இறக்கித் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, வரவேற்பறை முக்காலியில் சாய்த்து வைத்தாள்.

"யோவ், எங்க நடுவுல பஸ் கண்டக்டருக்கு என்ன வேலை?" என்று அதட்டியது கடிகாரம்.

"அதுவும் பிளாஸ்டிக்!" என்றது கிராமபோன். "என் மானமே போகுது."

"இன்னிக்கு ஒரு நாள்தாங்க," என்றது போட்டோ. "வருஷத்துக்கு ஒரு இலை, ஒரு வடை. என் பிள்ளை கையால வாங்கிக்கிட்டு மேல போயிடுறேன்."

"நீ செத்து எத்தனை வருஷம்?" என்று கேட்டது கடிகாரம்.

"பன்னிரண்டுங்க."

"பன்னிரண்டா! அதெல்லாம் ஒரு கணக்கா? நூறு ஆனப்புறம் வா!"

அதற்குள் கோதண்டபாணி வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "வசு! பதினொரு மணிக்குப் பழம்பொருள் சங்கத்துக்காரங்க வர்றாங்க. அப்பாவை உள்ள வை."

"இன்னிக்குத் திதிங்க."

"திதி எங்க ஓடிப்போகுது? அந்த மாலையை இப்படிக் கொடு."

அப்பாவுக்குக் கட்டிய மாலை தலைப்பாகைக்காரர் கழுத்தில் விழுந்தது. படையல் இலையும் அவர் முன்னால் வந்தது. போட்டோ பிடித்தால் எடுப்பாக இருக்குமாம். காக்காய்க்குச் சோறு வைக்கக்கூட மனுஷனுக்கு ஞாபகமில்லை. தூ!

சங்கத்துக்காரர்கள் வந்து வாயைப் பிளந்தார்கள். "யார் சார் இவர்?"

"எங்க கொள்ளுத்தாத்தா. ஜமீன்," என்றார் கோதண்டபாணி. நாக்கு கொஞ்சமும் குழறவில்லை.

தலைப்பாகைப் படத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. கூட்டம் கலைந்ததும் உள் அறையில் கிடந்த போட்டோவைக் கூப்பிட்டது.

"ஐயா, மன்னிச்சிடுங்க. நான் ஜமீனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாடகக் கம்பெனியில ராஜா வேஷம் கட்டினவன். இந்தத் தலைப்பாகைகூடக் கம்பெனிப் பெட்டியில எடுத்ததுதான். உங்க இலைக்கு முன்னால என்னை உட்கார வச்சுட்டாங்களே!"

"விடுங்கண்ணே. என் பிள்ளை வேலை மும்முரத்துல இருக்கான். சாயங்காலத்துக்குள்ள என்கிட்ட வருவான்."

"தானாடாவிட்டாலும் தன் தசையாடும்பாங்க. உங்க பிள்ளைக்கு ஒரு நரம்புகூட ஆடலையே, ஐயா!"

போட்டோ வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கோதண்டபாணி வரத்தான் வந்தார். நேராகப் போட்டோவிடம் வந்தார். இரண்டு கையாலும் எடுத்தார். போட்டோவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதை அப்படியே வாசலுக்குக் கொண்டுபோனார். அங்கே பழம்பொருள் வியாபாரி மரியதாஸ், புதிதாக விற்ற பெல்ஜியம் கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டு நின்றிருந்தார்.

"பரண்ல இடமே இல்ல மரியதாஸ். இதை எடுத்துக்கிட்டுப் போறீங்களா? எங்க அப்பா படம்தான். பார்த்து ஏதாவது போட்டுக் கொடுங்க."

மரியதாஸ் படத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இப்ப விலை போகாது சார். இன்னும் ஒரு அம்பது வருஷம் போகட்டும். யாராவது தன்னோட தாத்தான்னு சொல்லிக்க வாங்கிட்டுப் போவாங்க."