பட்டுப்பந்தலுக்கு நட்ட நாலு கால்

செம்பாறை நாட்டில் மழைக்குத்தான் பஞ்சம். அதிகாரிகளுக்குப் பஞ்சமே கிடையாது. அரண்மனை நந்தவனத்துக்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். பெயர் திருமேனிநாதர். மண் பட்டால் கை கறுத்துவிடும் என்று, மண்ணைத் தொடாமலேயே முப்பது வருடம் தோட்டம் பார்த்த மகான்!

ஒருமுறை பனிமலை நாட்டு அரசர் ஒரு பூச்செடியைப் பரிசாக அனுப்பினார். மன்னர் இரணசிங்க பூபதிக்கு அதன்மேல் உயிர். அதிகாரி சும்மா இருப்பாரா? வேளைக்கு ஒரு குடம் பசும்பால் ஊற்றினார். பன்னீர் தெளித்தார். விசிற நாலு பேர், வீணை வாசிக்க இரண்டு பேர். "என் ஆட்களைத் தவிர யாரும் செடியைத் தொடக்கூடாது" என்று அரச முத்திரையோடு ஆணையும் வாங்கிக்கொண்டார். பூத்தால் பெயர் அவருக்கே வரவேண்டுமே!

தோட்டக்காரன் சடையனுக்குக் கிடைத்தது ஒரே வேலை. செடிக்கு மேல் பட்டுப்பந்தல் போட நாலு கால் நட்டு, அவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவன் கிணற்றடிப் பூவரசில் நாலு கிளை வெட்டி ஊன்றிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனான்.

மூன்றாம் மாதம் வேர் அழுகிச் செடி செத்தது.

சேதி சபைக்கு வந்தபோது மன்னருக்கு ஏற்கெனவே தலைவலி. "வயலெல்லாம் கோரை மண்டிக் கிடக்கு, பிடுங்கப் பிடுங்க முளைக்குது" என்று ஆற்றங்கரைக் குடியானவர்கள் அப்போதுதான் முறையிட்டுப் போயிருந்தார்கள்.

"எல்லாம் இந்தச் சடையன் கண்பட்டதால் வந்தது மகாராஜா!" என்றார் அதிகாரி.

"குடும்பத்தோடு நாடு கடத்துங்கள்!" என்று மன்னர் கத்தினார்.

காவலர் இழுத்து வந்திருந்த சடையன் தரையில் விழுந்தான். "கைக்குழந்தய வச்சிக்கிட்டு எங்க சாமி போவேன்?"

சபையில் விகடம் பேசி வயிறு வளர்க்கும் சாத்தப்பனுக்கு அன்று சிரிப்பு வரவில்லை, வயிறுதான் எரிந்தது. காலையில் நந்தவனத்து வழியே வந்தபோது அவர் ஒன்றைப் பார்த்திருந்தார். எழுந்து, குரலில் தேன் தடவிக்கொண்டு கேட்டார்.

"அதிகாரி ஐயா, எனக்குச் செடி கொடியெல்லாம் தெரியாது. நீங்கள் மேதை, சொல்லுங்கள். ஒருவரிடம் ஒப்படைத்த பொருளுக்கு யார் பொறுப்பு?"

"இதென்ன கேள்வி? ஒப்படைக்கப்பட்டவன்தான். செழித்தால் பரிசு, செத்தால் தண்டனை."

"ஆகா! மகாராஜா, இந்த நீதியைக் கேட்டீர்களா? வாருங்கள், சடையனிடம் ஒப்படைத்தது என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டு அவனை விரட்டுவோம்."

எல்லோரும் நந்தவனத்துக்குப் போனார்கள். பந்தலின் நடுவே பால்நாற்றமும், எறும்பும், காய்ந்த குச்சியும். மூலைக்கு ஒன்றாக நட்டிருந்த நாலு காலும் துளிர்த்து, மேலே விரித்த பட்டுத்துணியைக் கிழித்துக்கொண்டு பச்சைப்பசேலென்று நின்றன.

மன்னர் ஒரு துளிரைத் தொட்டுப் பார்த்தார். "சடையா, இதற்கு என்ன போட்டாய்?"

"ஒண்ணும் போடலீங்க சாமி."

"எத்தனை குடம் தண்ணீர்?"

"நட்ட அன்னிக்கு ஒரு குடம். அப்புறம் மழை பேஞ்சா பேஞ்சதுதான். இந்த மண்ணுல பொறந்த மரமுங்க, ஆடு கடிச்சாலும் தழையும்."

"வேறு எதுவுமே செய்யவில்லையா?"

சடையன் தலையைச் சொறிந்தான். "பெரிய ஐயா இதுங்களக் கவனிச்சுடாம பாத்துக்கிட்டேனுங்க."

சபையே முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தது. செடிக்குரிய முத்திரை ஆணையை வரவழைத்துச் சாத்தப்பன் உரக்கப் படித்தார். செடி யார் பொறுப்பில் இருந்தது என்று அதற்குமேல் யாருக்கும் சந்தேகமில்லை. அதிகாரியின் முகம் அந்தக் காய்ந்த குச்சியைப் போலாகிவிட்டது.

"நந்தவனம் இனிமேல் சடையன் கையில்!" என்றார் மன்னர். "அதிகாரி சொன்ன நீதிப்படி அவரையே நாடு கடத்திவிடலாமா சாத்தப்பா?"

"ஐயையோ, வேண்டாம் மகாராஜா! இப்பேர்ப்பட்ட திறமையை அயல்நாட்டுக்கு விட்டுக்கொடுப்பார்களா? ஆற்றங்கரையில் கோரை மண்டிக் கிடக்கிறதே, குடியானவர்கள் பிடுங்கிப் பிடுங்கிச் சலித்துவிட்டார்களே! அந்தக் கோரையைச் சீராட்டி வளர்க்கும் பொறுப்பை இவரிடம் கொடுங்கள். விசிறிக்காரர்களையும் வீணைக்காரர்களையும் கூடவே அனுப்புங்கள்."

"கோரையை வளர்ப்பதா? எதற்கு?"

"இவர் பால் ஊற்றி வளர்த்தால் மூன்றே மாதம் மகாராஜா. ஒரு கோரை மிஞ்சாது!"

மன்னர் சிரித்த சிரிப்பில் பந்தலே ஆடியது. கழுத்து முத்துமாலை சாத்தப்பன் கழுத்துக்கு வந்தது. மறுநாளே பால் குடங்கள் ஆற்றங்கரைக்குப் புறப்பட்டன.