உறை கழற்றிய நாற்காலிகள்

புன்னைத்துறை மாதா கோயிலில் பெரிய வியாழன் வந்தால் சண்டைக்குக் குறைவிருக்காது. அன்று சாயங்காலப் பூசையில் பன்னிரண்டு பேரைப் பீடத்துக்கு முன்னால் உட்கார வைத்துப் பங்குச்சாமியார் பாதம் கழுவுவார். ஆண்டவர் கடைசி விருந்தில் தன் சீடர்களுக்குக் கழுவினாரே, அதன் நினைவாக. பன்னிரண்டு மர நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளை உறை. உறையின் முதுகில் சிவப்பு நூலால் தைத்த ஒரு சீடரின் பெயர்.

பதினொரு நாற்காலிக்கு ஊரில் பாத்தியதை உண்டு. இராயப்பர் நாற்காலி கமிட்டித் தலைவர் லியோன் வீட்டுக்கு. தோமையார் நாற்காலி உபதேசியார் சந்தியாகு வீட்டுக்கு. அப்பனுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன். ஆண்டவரே இறங்கி வந்தாலும் அதில் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

வரிசையின் கடைசி நாற்காலி யூதாஸுக்கு. காட்டிக்கொடுத்தவன் நாற்காலிக்கு யார் வருவார்கள்? ஒரு வருஷம் குடித்துவிட்டுக் கிடந்தவனை எழுப்பிக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். போன வருஷம் ஐஸ் கம்பெனி வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த ஒருவன். விஷயம் தெரியாமல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து போட்டோவும் எடுத்துக்கொண்டான். பதினொரு பேர் பாதத்தையும் கழுவித் துடைத்து முத்தமிட்ட பழைய சாமியார், அவன் காலில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்துவிட்டார். அதுவும் வழக்கம்தான்.

இப்போது இருப்பவர் எரோணிமூஸ் சாமி. வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. பிரசங்கம் என்று நாலு வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஊருக்கு அதில் பெரிய குறை. உபதேசியார் சந்தியாகு மட்டும் எதற்கெடுத்தாலும் அவரிடம் போய் நிற்பார். இத்தனைக்கும் சாமியை விட இருபது வயது மூத்தவர் அவர். ஊரில் பாதிப் பேருக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தவர். ஒரு காலத்தில் அவருக்குத் தெரியாத பதிலே கிடையாது.

மகன் வியான்னியின் சங்கதி வெளியே வந்த பிறகு, பதில்கள் எல்லாம் போய்க் கேள்வி ஒன்றுதான் மிஞ்சியது.

வியான்னி கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரி நர்ஸ். பெண் பார்க்கப் போகலாம் என்று கூப்பிட்டபோது, "எனக்குப் பொண்ணு வேண்டாம்ப்பா. நான் பாஸ்கரோடதான் வாழுதேன். கடைசி வரைக்கும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டான். பொய் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான். பெண் வீட்டார் மூலமாக விஷயம் ஊருக்குத் தெரிந்து, மூன்று வருஷமாக அவன் ஊர்ப்பக்கம் வரவில்லை. இடையில் அம்மா சாவுக்கு மட்டும் ஒரு நாள் வந்தான், அப்போதும் யாரும் கைகொடுத்து விசாரிக்கவில்லை.

இந்த வருஷம் அவனே போன் செய்தான்.

"அப்பா, ஒங்களுக்கு முட்டுவலி. தோமையார் நாற்காலியில நான் உக்காரட்டுமா? அம்மாவுக்கு என்னை அதுல பாக்கணும்னு ரொம்ப ஆசை."

சந்தியாகு போனை வைத்துவிட்டு அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு சாமியிடம் போனார்.

"சாமி, என் மகனை நம்ம கோயில் ஏத்துக்கிடுமா?"

எரோணிமூஸ் சாமி சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"கோயிலுக்குக் கை கெடையாதே, உபதேசியாரே. அது எப்படி ஏத்துக்கிடும்?" என்றார்.

சந்தியாகுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியது போலத் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

பெரிய வியாழனுக்கு நாலு நாள் முன்னால், குருத்து ஞாயிறன்று கமிட்டி கூடியது. லியோன் வாயைத் திறந்ததுமே கணக்கு முடிந்துவிட்டது.

"உபதேசியாரே, ஒங்க மேல எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனா தோமையார் நாற்காலியில அவனா? பொம்பளைப் பிள்ளைக எல்லாம் பாத்துக்கிட்டு இருக்கும். நாளைக்கு ஊரு பேரு என்னத்துக்கு ஆகும்?"

"அவன் குடிக்கிறவன் இல்ல, திருடுறவன் இல்ல" என்றார் சந்தியாகு.

"குடிச்சாலும் திருடுனாலும் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்து உக்காரலாம். இவன் இது பாவமே இல்லேங்கானே!"

அரை மணி நேரம் போனது. திடீரென்று ஒருவருக்கு யோசனை உதித்தது. யாருக்கு உதித்தது என்பதில் பிறகு போட்டியே இருந்தது.

"யூதாஸ் நாற்காலிதான் காலியா இருக்குல்லா? அவன் அதுல உக்காரட்டும்!"

எல்லோர் முகமும் மலர்ந்தது. ஆளும் கிடைத்தாயிற்று, உபதேசியார் மனசும் கோணவில்லை. தங்கள் தாராள மனசைப் பார்த்துத் தாங்களே பூரித்துப் போனார்கள். தோமையார் நாற்காலியை இந்த ஒரு தடவை லியோனின் மச்சினன் பார்த்துக்கொள்வான் என்றும் முடிவாயிற்று.

"என்ன உபதேசியாரே, சம்மதந்தானே? வேற ஊரா இருந்தா உள்ளயே விட மாட்டான்."

சந்தியாகு கையைக் கூப்பினார். "ரொம்ப நன்றி" என்றார். அந்த வார்த்தை எப்படித் தன் வாயிலிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. நாற்பது வருஷமாகக் கோயில் படியில் நின்று எல்லோருக்கும் சொல்லிப் பழகிய வார்த்தை. தானாக வந்துவிட்டது.

சாமியிடம் போய் நடந்ததைச் சொன்னார்.

"இது சரிதானா, சாமி?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நன்றின்னு சொன்னேன்."

"மகன்ட்ட?"

"இன்னும் சொல்லல."



புதன்கிழமை வியான்னி வந்தான். புது வேட்டி வாங்கி வந்திருந்தான். அப்பாவுக்கு முட்டுக்குத் தடவ ஒரு தைலம். வாசலில் உட்கார்ந்து தன் பாதத்தைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

"சாமியார் முத்தம் குடுக்கணும்லாப்பா. அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்று சிரித்தான்.

சந்தியாகு எழுந்து அவன் பக்கத்தில் வந்தார். இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தார்.

"ஏய்யா, வியான்னி..."

"என்னப்பா?"

"சாப்பிட வா" என்றார்.

பெரிய வியாழன் மத்தியானம் கோயிலைத் தயார் செய்ய சந்தியாகு போனபோது, வாளி ஒன்றில் சோப்பு நுரைக்குள் பன்னிரண்டு உறைகளும் கிடந்தன. சாமி சட்டைக் கையை மடக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சாமி இது, இந்த நேரத்துல?"

"அழுக்கா இருந்துச்சு. ஊற வச்சேன்."

"சாயங்காலத்துக்குள்ள காயாதே!"

"காயாது" என்றார் சாமி.

உள்ளே போய்ப் பார்த்தால் வரிசையையும் காணோம். நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. எது முதல், எது கடைசி என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே ஆசாரி ஒரே மரத்தில் செய்தவை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் மயிரிழை வித்தியாசம் கிடையாது. நாற்பது வருஷம் அவற்றைத் துடைத்த சந்தியாகுவாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

பூசை தொடங்கியது. கோயில் நிறைந்து வாசலிலும் ஆள். பாதம் கழுவும் நேரம் வந்ததும் பதினொரு பேரும் வெள்ளை வேட்டியோடு வந்து, வட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றார்கள். வியான்னி கடைசியாக வந்தான்.

"அப்பா, நம்ம தோமையார் நாற்காலி எது?" என்று மெல்லக் கேட்டான்.

சந்தியாகு கையில் கூஜாவும் தோளில் துண்டுமாக நின்றார்.

"பிடிச்சதுல உக்காருப்பா" என்றார் சாமி.

வியான்னி பக்கத்தில் இருந்ததில் உட்கார்ந்தான். மற்றவர்கள் அசையவில்லை.

லியோன் சாமியின் காதருகே வந்தார். "சாமி, யாருக்கு எதுன்னு சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது."

"யூதாஸ் நாற்காலி எதுன்னாவது காட்டிடுங்க. நாங்க மத்ததுல உக்காந்துக்கிடுதோம்."

"காட்டிக்குடுக்கப் போறது யாருன்னு அந்தக் கடைசி விருந்துலயும் யாருக்கும் தெரியலையே, லியோன். ஒவ்வொருத்தனும் தான்தானோன்னு தன்னையே சந்தேகப்பட்டான். உக்காருங்க."

லியோன் ஒரு நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். அவருடைய மச்சினன் ஒன்றில் உட்காரப் போய், பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்ததும் சுட்டுக்கொண்டவன் போல எழுந்தான். பதினொரு ஆம்பிளைகள். நடுக்கடலில் புயலைப் பார்த்தவர்கள். பேர் எழுதாத ஒரு நாற்காலியில் உட்காரத் தைரியம் வரவில்லை.

லியோனுக்குக் கோபம் தலைக்கேறியது. காதோடு பேசியதெல்லாம் போய்க் குரல் உயர்ந்துவிட்டது.

"அவன் அப்பன்ட்ட பேசித்தானே முடிச்சிருக்கோம்! யூதாஸ் நாற்காலிதான் அவனுக்குன்னு. கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொன்னாரே, உபதேசியாரு! கேளுங்க!"

கோயில் முழுக்கக் கேட்டது.

வியான்னி அப்பாவைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் வலியோடு வந்தவரிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பது போலப் பார்த்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

எட்டி நாலு அடி வைத்தால் போதும். சந்தியாகுவின் கால் ஓர் அடி நகர்ந்தது. லியோன் திரும்பிப் பார்த்தார். மற்ற பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கையில்தான் கூஜா இருக்கிறதே, தோளில்தான் துண்டு இருக்கிறதே, இதையெல்லாம் யார் பிடிப்பது என்று சந்தியாகு தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கால் அங்கேயே நின்றுவிட்டது.

சாமி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு சந்தியாகுவின் கையிலிருந்து கூஜாவை வாங்கினார். தோளிலிருந்து துண்டையும் எடுத்துக்கொண்டார். இப்போது உபதேசியாரின் இரண்டு கையும் சும்மா இருந்தன. அப்போதும் அவர் நகரவில்லை.

சாமி மண்டியிட்டு வியான்னியின் பாதத்தைக் கழுவினார். துடைத்தார். குனிந்து முத்தமிட்டார். நேற்று அத்தனை தேய்த்துக் கழுவிய பாதம். எழுந்து போய்ப் பூசையைத் தொடர்ந்தார். பாடகர் குழு பன்னிரண்டு பேருக்கான பாட்டை, பாதியில் எப்படி நிறுத்துவது என்று தெரியாமல், கடைசி வரைக்கும் பாடித் தீர்த்தது.

பூசை முடிந்து வெளியே வந்த ஊருக்கு அன்றைக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது. "கொழுப்பப் பாத்தியா? ஒருத்தனும் உக்காரல, இவன் மட்டும் ராசா மாதிரி உக்காந்திருக்கான்!"

சந்தியாகு வீட்டுக்குப் போனபோது வியான்னி பையைத் தோளில் மாட்டியிருந்தான். கட்டியிருந்த புது வேட்டி மடித்துக் கொடியில் கிடந்தது.

"நாளைக்குப் பெரிய வெள்ளி. சிலுவைப்பாதைக்கு இருந்துட்டுப் போயேன், மக்கா."

"எனக்கு இன்னைக்கே ஆயிருச்சுப்பா" என்றான் வியான்னி. "தைலத்த ரெண்டு வேளையும் தடவுங்க."

எட்டு மணி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் சந்தியாகு கோயிலுக்கு வந்தபோது, சாமி உறைகளைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். சந்தியாகுவும் வாளிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். தோமையார். பிழிந்து போட்டார். அடுத்ததை எடுத்தார். சிவப்பு நூல் சாயம் போகவில்லை. பளிச்சென்று இருந்தது யூதாஸின் பெயர்.

அதைப் பிழியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அவர் பாதத்தில் சொட்டியது.

"சாமி."

"சொல்லுங்க, உபதேசியாரே."

"ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்துட்டேன். தெரியல. நேத்து அந்தப் பன்னிரண்டுல யூதாஸ் நாற்காலி எது?"

சாமி கொடியில் கிடந்த உறையின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"ஒங்க மகனுக்குப் பக்கத்துல ஒண்ணு காலியாவே கெடந்துச்சே" என்றார். "அதுதான்."

சந்தியாகு கையிலிருந்த உறையைக் கொடியில் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.