வாடை பார்க்கிறவர்

முதலில் ஓர் உறுமல். பிறகு ஈரத்துணி இறுகுவது போல ஒரு முனகல். பிறகு ஒன்றுமில்லை.

தொட்டிக்குள் சேற்றைக் கலக்கும் எந்திரம், கலக்கி, நின்றுவிட்டது.

"சாவியக் கொடுங்க டீச்சர்," என்றார் இளங்கீரன்.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. இரும்பைப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். ஊர்ச் சாக்கடை முழுக்க வந்து சேர்கிற இந்தக் கழிவுநீர் நிலையத்துக்கு, கண்ணுக்கே தெரியாத அளவு நுணுக்கிய இரும்புத்தூளோடு வந்திருந்தார். கழிவுச் சேற்றில் அதைக் கலந்தால் சேற்றில் ஊறும் விஷவாயுவை இரும்பு பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. மூன்று வருட உழைப்பு.

டீச்சர் என்றது செல்லக்கிளியை. வயது முப்பத்தெட்டு. பதினாலு வருடமாக இங்கே ஆப்பரேட்டர்.

வந்த அன்று இளங்கீரன் அவரிடம், எனக்கு இரும்பு தெரியும், சேறு தெரியாது, சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டார். ஒரு மாதம் தொட்டி மூடியைக் கழுவுங்கள் என்றார் செல்லக்கிளி. கழுவினார். அன்றிலிருந்து அவர் வாயில் டீச்சர். கேலிக்கு ஆரம்பித்த மற்றவர்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

"சாவி எதுக்கு?"

கலக்கியின் இறக்கையில் துணி சுற்றிக்கொண்டது, யாராவது இறங்கி அறுத்துவிட வேண்டும் என்றார். சாயங்காலத்துக்குள் ஓடாவிட்டால் இரும்பு அடியில் படிந்து பாறையாகிவிடும். கொண்டு வந்த தூள் அவ்வளவுதான். இன்னொரு முறை கிடையாது.

சாக்கடை உள்ளே வரும் இடத்துக் கம்பிச் சல்லடையில் குப்பை வாரிக்கொண்டிருந்த தாசையாவை அவர் ஏற்கெனவே கூப்பிட்டு இடுப்பில் கயிறு கட்டியிருந்தார். பூட்டியிருந்த தொட்டி மூடியைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

செல்லக்கிளி சுவரைக் காட்டினார். தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று சிவப்பில் எழுதியிருந்தது.

"அத எழுதினப்போ இரும்பு வரல டீச்சர்."

"மீட்டர் வரட்டும்."

வாயு அளக்கும் மீட்டர் ரிப்பேருக்குப் போய்ப் பதினாறு நாள் ஆகிறது. அது வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார் இளங்கீரன். அவர் குரல் உயரவில்லை. ஆனால் நீட்டிய கை அப்படியே இருந்தது.

பிறகு நோட்டை விரித்தார். தூள் கலந்த நாளிலிருந்து மூன்று நாளாக, தொட்டியின் வாயு வெளியேறும் போக்குக் குழாய்க்கு அடியிலேயே கட்டில் போட்டுக் கிடந்தவர். அந்த வாயுவின் வாடையை மணிக்கு ஒருமுறை முகர்ந்து எழுதியிருந்தார். முதல் நாள், கடும் வாடை. இரண்டாம் நாள், லேசு. இன்று காலையிலிருந்து, இல்லை, இல்லை, இல்லை.

"உனக்கு என்ன தோணுது தாசையா?" என்று கேட்டார் செல்லக்கிளி.

தாசையா முந்தின நாள் லீவு. காலையில்தான் வந்தவர். வாடை லேசா இருக்கிற மாதிரிதான் இருக்கு என்று சாரிடம் அப்போதே சொன்னாராம். அது பழைய நினைப்பு என்று சார் சொல்லிவிட்டாராம்.

"டாக்டரே சொல்லும்போது நான் என்னக்கா சொல்றது? எனக்கு ஜலதோஷமா இருக்கும்."

சொல்லிவிட்டுக் கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கினார்.

செல்லக்கிளி நோட்டைத் திரும்பக் கொடுத்தார். சாவியைக் கொடுக்கவில்லை.

அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வாடை பார்க்கிறவர் கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போக வேண்டும். அரைமணி நேரம் அங்கே நின்றுவிட்டு வந்துதான் முகர வேண்டும். உள்ளேயே இருந்தவர் சொல்வதை நோட்டில் ஏற்ற மாட்டார்கள். செல்லக்கிளி சொல்வதையும்தான்.

"இந்த மூணு நாள்ல எத்தன தடவ ரோட்டுக்குப் போனீங்க?"

"நான் போயிருந்தா ஒரு மணி நேரக் கணக்கு விட்டுப்போயிருக்கும். ஒண்ணுகூட விடல."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. தூங்காத கண்கள்.

செல்லக்கிளி அறைக்குள் போனார். சாவி எடுக்கத்தான் போகிறார் என்று இளங்கீரன் நினைத்தார். தாசையாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

திரும்பி வந்த செல்லக்கிளியின் கையில் டிபன் பாக்ஸ் இருந்தது.

"கண்ண மூடுங்க சார்."

"டீச்சர், நேரமில்ல."

"மூடுங்க. நான் பாக்ஸத் திறக்கிறேன். என்ன குழம்புன்னு சொல்லிட்டீங்கன்னா சாவி உங்க கையில."

மூடினார்.

கேட்டுக்கு வெளியே ஒரு லாரி போனது. தொட்டிக்குள் இரும்பு படிந்துகொண்டிருந்தது. அது படிவது தன் காதில் விழுவது போல இருந்தது அவருக்கு.

காத்திருந்தார்.

இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்.

"சீக்கிரம் திறங்க டீச்சர். திறந்தாத்தானே சொல்ல முடியும்?"



பத்தடி தள்ளி நின்ற தாசையாதான் மெதுவாக, தயங்கித் தயங்கி, "சார்," என்றார். "நெத்திலிக் கருவாடு சார்."

இளங்கீரன் கண்ணைத் திறந்தார்.

பாக்ஸ் அவர் மூக்குக்கு நேர் கீழே இருந்தது. மூடி செல்லக்கிளியின் மற்றொரு கையில். குழம்பின் மேல் எண்ணெய் மிதந்தது.

குனிந்து ஆழமாக இழுத்தார். மறுபடி இழுத்தார்.

போக்குக் குழாயைப் பார்த்தார். பூட்டிய மூடியைப் பார்த்தார். தரையில் கிடந்த செருப்பைப் பார்த்தார்.

பிறகு தாசையாவிடம் போய் முட்டி போட்டு உட்கார்ந்து, அவர் இடுப்பிலிருந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். இறுக்கமான முடிச்சு.  தாசையா கூச்சத்தோடு வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார்.

கயிறு கீழே விழுந்தது.

தாசையா செருப்பை மாட்டிக்கொண்டு சல்லடைக்குப் போனார். நீளக் கைப்பிடி வாரியை எடுத்து, கம்பிகளுக்கிடையில் சேர்ந்திருந்த குப்பையை மேலே இழுத்துப் போடத் தொடங்கினார்.