சேறு பூசிய யானையும் சோதனைக்கு வந்த கொக்கும்

காட்டு ஏரிக்கரையில் வயதான விலங்குகளுக்கென்று ஒரு விடுதி இருந்தது. அதை நடத்தியது ஒரு கரடி. பல் போன புலிக்குக் கூழ் காய்ச்சும். கண் தெரியாத முள்ளம்பன்றியைப் பார்த்துப் பதமாக நடத்திக்கொண்டு போகும். முட்டி தேய்ந்த கிழட்டு யானையால் ஏரிவரை நடக்க முடியாதே! அதனால் தினமும் காலையில் கரடியே சேறு சுமந்து வந்து அதன் முதுகில் பூசிவிடும்.

ஒரு நாள் சிங்கராசா அனுப்பிய சோதனை அதிகாரியாக ஒரு கொக்கு வந்து இறங்கியது. அது வாசற்கதவில் தன் கால் தடத்தைப் பதித்தால்தான் விடுதி நடக்கும். இல்லையென்றால் மூட வேண்டியதுதான். மூடினால் இந்தக் கிழங்கள் எங்கே போகும்? வேலிக்கு வெளியே கழுதைப்புலிகள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தன.

வந்ததும் வராததுமாகக் கொக்கு ஆரம்பித்தது.

"கூழ் ஏன் இவ்வளவு சூடு?"

கரடி ஆற்றிக் கொடுத்தது.

"ஏன் இப்படி ஆறிக் கிடக்கிறது?"

கரடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "மாத்திடறேங்க ஐயா!" என்றது.

"தண்ணீர்த் தொட்டி ஏன் மூலையில்? நடுவில் வை!"

வைத்தது.

"நடுவழியில் வைத்திருக்கிறாயே! யாராவது தடுக்கி விழுந்தால்?"

அட, இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்லி அழுவது!

அடுத்து கொக்கு யானையைப் பார்த்து முகம் சுளித்தது. "சீச்சீ! உடம்பெல்லாம் சேறு! நீ பார்த்துக்கொள்ளும் லட்சணம் இதுதானா? தேய்த்துக் கழுவு! நாளை மறுபடி வருவேன்!"

"கரடி, வேண்டாம்ப்பா..." என்று யானை வாயெடுத்தது.

"பெரியம்மா, கொஞ்சம் சும்மா இருங்க! முதல்ல அந்த ஆள் போய்த் தொலையட்டும்!" என்று கரடி எரிந்து விழுந்தது. புல்லைக் கற்றையாகக் கட்டி, ஒரு பொட்டுச் சேறு இல்லாமல் தேய்த்துக் கழுவியது.

வெயில் ஏறியது. ஈக்கள் மொய்த்தன. மாலைக்குள் யானையின் முதுகு முழுக்கத் தடித்துப் புண்ணாகிவிட்டது. பச்சிலை அரைத்துப் போடும்போது கரடிக்கு அழுகை வந்துவிட்டது.

"அந்தக் கொக்கு சொன்னதையெல்லாம் கேட்டாயே, என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?" என்றது யானை.

மறுநாள் கொக்கு வந்தது. "ஐயையோ, புண்! மூடு விடுதியை!"

"நீங்கதானேய்யா கழுவச் சொன்னீங்க!"

"சுத்தமாக வைக்கச் சொன்னேன். புண்ணாக்கச் சொன்னேனா?"

கரடியின் கை தானாக ஓங்கியது. ஓர் அறை விட்டால் இறகு மட்டும்தான் மிஞ்சும்! ஆனாலும் கையை இறக்கிக்கொண்டது. விறுவிறுவென்று போய்ச் சேறு அள்ளி வந்து யானையின் முன்னால் நின்றது.

"இனி நான் பேசிப் பிரயோசனமில்லை. முதுகு உங்களோடது பெரியம்மா. நீங்களே சொல்லுங்க!"

"பூசு! நல்லாக் குளிரக் குளிரப் பூசு!"

"மறுபடியும் சேறா!" என்று கொக்கு கத்தியது.

"ஐயா, உங்க காலில் என்ன?" என்று யானை கேட்டது.

கொக்கு குனிந்து பார்த்தது. இரண்டு காலிலும் ஏரிச்சேறு.

"இது... மீன் பிடிக்க நின்றது. என் பிழைப்பு!"

"இது என் தோல்! உங்களைக் காப்பாத்த இறகு இருக்கு. என்னைக் காப்பாத்த இந்தச் சேறுதான் இருக்கு. இது போனதால்தான் அந்தப் புண்!"

பல் போன புலி பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. கொக்கு தன் காலையும் யானையின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தது. நேரே வாசலுக்குப் போய், சேற்றுக் காலைக் கதவில் அழுத்திப் பதித்தது. பறக்கும்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. "கதவு கொஞ்சம் கோணல்! அடுத்த முறை சரியாக இருக்க வேண்டும்!"

"உள்ளே இருக்கிறவங்களைக் கேட்டுட்டுச் செய்யறேங்க ஐயா!" என்றது கரடி.

குறை சொல்ல வந்தவரைத் திருப்திப்படுத்த ஓடும் முன், நம்மை நம்பிக் கிடப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.